சொல்லின் நாணயமே தொழிலின் நாணயம்

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழில் 'நாணயம்' என்னும் சொல் இரண்டு பொருள் தரும். கையில் புழங்கும் காசும் நாணயம் எனப்படும். ஒருவருடைய வாக்கில் உள்ள நேர்மையும் நாணயம் எனப்படும். வணிகம் செய்வோர்க்கு இவ்விரண்டும் வேறு வேறாக இருந்ததில்லை. சிங்கப்பூரிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகளை அமைத்து வட்டித் தொழில் நடத்தினர். நீண்ட கூடம் ஒன்றில், கணக்குப் பெட்டியை முன்னே வைத்துத் தரையில் அமர்ந்து, தனவணிகர் பலர் ஒருவர்க்கு அருகில் ஒருவராகத் தொழில் செய்தனர். ஒருவர் சொல் தவறினால் அது அடுத்தவர் செவிக்கு எட்ட ஒரு நொடி போதும். ஆகவே, கொடுத்த வாக்கைக் காப்பதே அங்கு முதலுக்கும் முதலாக விளங்கிற்று. அந்த நகரத்தாரே 1859ஆம் ஆண்டில் டேங்க் ரோட்டில் அருள்மிகு தெண்டாயுதபாணி சுவாமிக்கு ஆலயம் எழுப்பினர். தொழிலில் நாணயமும் கோயிலில் பக்தியும் அவர்களிடத்தில் ஒரே வாழ்வின் இரு கூறுகளாக இருந்தன.

மார்க்கெட் ஸ்திரீட்டின் அந்தக் கிட்டங்கிகள் இன்று இல்லை. ஆயினும் அத்தகைய கூடம் ஒன்று ஒவ்வொருவர் கைத்தொலைபேசிக்குள்ளும் அமைந்துவிட்டது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம், டிக்டாக், யூடியூப் எனப் பல பெயர்களில் அது வழங்குகிறது. அன்று அருகில் அமர்ந்திருந்தவர் சிலர். இன்று அருகில் அமர்ந்திருப்பவர் பல இலட்சம் பேர். அன்று சொன்ன சொல் காற்றில் கரைந்தது. இன்று சொல்லும் சொல் படமாகப் பிடிக்கப்பட்டு நிலைத்து நிற்கிறது. பணியிடத்திலும் வணிகத்திலும் இச்சாதனங்களை எவ்வாறு கையாள்வது அறத்துக்கும் அறிவுக்கும் பொருந்தும் என்பதே இவ்வுரையின் பொருள்.

நன்றி மறத்தல் ஆகாது

முதலில் இச்சாதனங்களால் விளைந்த நன்மையைக் கூறுவதே முறை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி முதல் ஜூன் 1ஆம் தேதி வரை, கொவிட்-19 கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்தில், சிங்கப்பூரின் வழிபாட்டுத் தலங்கள் யாவும் பக்தர்களுக்கு மூடப்பட்டிருந்தன. அந்நாள்களில் ஆலயங்களின் அபிஷேக ஆராதனைகளை வீட்டில் இருந்தபடியே பக்தர்கள் நேரலையில் தரிசித்தார்கள். 2021 ஜனவரி 28ஆம் தேதி வந்த தைப்பூசத்தில் பாத ஊர்வலம் இல்லை; பக்தர்கள் இணையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டே தெண்டாயுதபாணியைத் தரிசிக்க முடிந்தது. பாத ஊர்வலம் மீண்டும் தொடங்கியது 2023 பிப்ரவரி 5ஆம் தேதியன்றுதான். இடைப்பட்ட காலத்தில் பக்தரையும் ஆலயத்தையும் இணைத்து வைத்ததில் இச்சாதனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளும் மளிகைக் கடைகளும் உணவகங்களும் அக்காலத்தில் கைத்தொலைபேசியின் வழியே ஆர்டர் பெற்றுப் பொருள்களை வீடு தேடி அனுப்பின. தங்கும் விடுதிகளை விட்டு வெளியே வர இயலாதிருந்த தமிழகத் தொழிலாளர்களுக்கு ஊரிலுள்ள தாயின் முகத்தையும் குழந்தையின் முகத்தையும் காட்டியதும் இச்சாதனமே. விளக்கு வீட்டுக்கு ஒளி தருவதைப்போல இதுவும் ஒளி தந்தது. ஆனால், விளக்கை ஏற்றியவர் அதன் அருகே துணியை உலர்த்துவதில்லை. அந்த எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

ஞாயிறன்று எழுதியது, திங்களன்று வேலை போயிற்று

2012ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசில் உயர் பொறுப்பில் இருந்த ஓர் ஊழியர், வீவக அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் நடைபெறும் மலாய்த் திருமணங்களைப் பழித்துத் தமது ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். அவர் எழுதியது விடுமுறை நாளில். எழுதிய இடம் அவருடைய சொந்தப் பக்கம். எழுதிய செய்திக்கும் அவருடைய அலுவலுக்கும் தொடர்பே இல்லை. ஆயினும் மறுநாள் திங்கட்கிழமை அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் பணியாற்றிய நிறுவனம் பொதுமக்களிடம் மன்னிப்புக் கோரிற்று.

'என் பக்கம், என் கருத்து, என் நேரம்' என்று கூறுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் எங்கே வேலை செய்கிறார் என்பதை இணையத்தில் தேடி அறிவதற்குச் சில நிமிடங்களே போதும். அறிந்தவுடன் வாசகர் கேட்கும் முதற் கேள்வி, 'இப்படிப்பட்டவரையா அந்நிறுவனம் வைத்திருக்கிறது?' என்பதே. அக்கேள்விக்கு முதலாளி விடை சொல்லியாக வேண்டும். ஊழியரின் சொல் இவ்வாறு முதலாளியின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. அண்டை வீட்டாரின் திருமணத்தையும் பிற சமயத்தாரின் சடங்கையும் எள்ளுவது எக்காலத்திலும் பண்பன்று. பல இனத்தார் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் இந்நாட்டில் அது பிழைப்பையே அழிக்கும்.

2015ஆம் ஆண்டு ஜனவரியில் இன்னொரு நிகழ்ச்சி. மருத்துவமனை ஒன்றில் தாதியாகப் பணியாற்றிய வெளிநாட்டவர் ஒருவர், சிங்கப்பூரர்களை இழிவுபடுத்தி எழுதியமை வெளிவந்தது. காவல்துறை விசாரித்தபோது, வேறு யாரோ தமது கணக்கில் புகுந்து எழுதிவிட்டதாக அவர் கூறினார். அது பொய் என்பது தெரிந்தது. வேலையும் போயிற்று, அவ்வாண்டு செப்டம்பரில் 4 மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. அத்தண்டனையில் ஒரு பகுதி, காவல்துறையிடம் பொய்யுரைத்ததற்காக விதிக்கப்பட்டதாகும். கோபத்தில் எழுதிய பிழையை உடனே ஒப்புக்கொண்டு வருந்துவோர்க்கு மீள வழியேனும் உண்டு. பிழையை மறைக்கப் பொய்யைத் துணைக்கழைத்தவர்க்குப் பிழை இரட்டிப்பாகிறது.

தைப்பூசத்தை விலைபேசிய பொய்

இந்நிகழ்ச்சிகள் பிறரைப் பற்றியவை என்று எண்ணிவிட வேண்டா. இந்துக்களின் திருவிழாவே ஒருமுறை இத்தகைய பொய்க்குப் பொருளாயிற்று.

2015ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி தைப்பூசம். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரம் காவடிகள் சென்றுகொண்டிருந்தன. ஊர்வலப் பாதையில் மேளம் வாசிப்பது தொடர்பாக ஒரு சச்சரவு எழுந்தது. மூவர் கைது செய்யப்பட்டனர். வருத்தத்திற்குரிய நிகழ்ச்சியே. ஆனால், அதைவிட வருத்தத்திற்குரியது அதன் பின் நடந்தது. 'தி ரியல் சிங்கப்பூர்' என்னும் இணையத்தளம், பிலிப்பினோ குடும்பம் ஒன்று மேளச் சத்தத்தால் தங்கள் குழந்தைக்குத் தொல்லை என்று புகார் செய்ததாலேயே சச்சரவு மூண்டது என்று செய்தி வெளியிட்டது. அப்படி ஒரு புகாரே இருந்ததில்லை. அது கட்டிவிடப்பட்ட பொய்.

முருகன் திருவிழாவில் மேளத்தை நிறுத்தியது ஓர் அயல்நாட்டுக் குடும்பம் என்று கேட்டால் பக்தர் உள்ளம் கொதிக்கும் என்பது அத்தளத்தாருக்குத் தெரியும். கொதித்தவர் அச்செய்தியை அடுத்தவர்க்கு அனுப்புவார். அனுப்ப அனுப்பத் தளத்தைப் பார்ப்போர் பெருகுவர். பார்ப்போர் பெருகப் பெருக விளம்பரப் பணம் பெருகும். அத்தளத்தை நடத்திய கணவன் மனைவி இருவரும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் 4 இலட்சம் ஆஸ்திரேலிய வெள்ளிக்கு மேல் விளம்பர வருவாய் ஈட்டியமை வழக்கில் வெளிப்பட்டது. பக்தரின் சினம் அவர்களுக்குச் சரக்கு. அதைச் சுமந்து சென்ற கைகளோ கூலியில்லாத கைகள்.

2015 மே மாதத்தில் ஊடக மேம்பாட்டு ஆணையம் அத்தளத்தை மூட ஆணையிட்டது. பின்னர் 2022இல் நீக்கப்பட்ட தேச நிந்தனைச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அச்சட்டத்தின்கீழ் 2016ஆம் ஆண்டில் மனைவிக்கு 10 மாதமும் கணவருக்கு 8 மாதமும் சிறைத்தண்டனை கிடைத்தது. இணையப் பொய்ச் செய்திகளுக்கு எதிராகப் 'பொஃப்மா' என வழங்கும் தனிச்சட்டமும் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது.

மேளத்தின் கதை அத்துடன் முடியவில்லை. ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகள் வாசிப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தடை இருந்துவந்தது. பக்தர்களின் கருத்தை இந்து அறக்கட்டளை வாரியம் கேட்டறிந்தது. அதிகாரிகளுடன் பேச்சு நடைபெற்றது. 2016ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் பாதையின் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இசைவு கிடைத்தது. கைத்தொலைபேசியில் பரவிய பொய்யால் காவடிக்கு ஒரு தாளமும் கிடைக்கவில்லை. மேளத்தை மீட்டுத் தந்தது பொறுமையோடு கூடிப் பேசிய பேச்சே.

துரோணர் கேட்ட செய்தி

நல்லவர்களே இத்தகைய பொய்யை ஏன் நம்பிவிடுகின்றனர்? இதற்கு விடை பாரதத்தில் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தின் தீமிதித் திருவிழாச் சடங்குகள் பாரதக் கதையைப் பின்பற்றியே அமைந்தவை. ஆதலின் அக்கதை சிங்கப்பூர் அன்பர்களுக்கு நெருக்கமானது.

குருச்சேத்திரப் போரில் துரோணரை வெல்ல இயலாத நிலையில், அசுவத்தாமன் என்னும் பெயருடைய யானையைப் பீமன் கொன்றான்; 'அசுவத்தாமன் மாண்டான்' என்று முழங்கினான். தம் மகன் மாண்டான் என்ற செய்தியைத் துரோணர் உடனே நம்பிவிடவில்லை. பீமன் சொல் என்பதால் ஐயுற்றார். பொய்யே உரைக்காத தருமரிடம் சென்று கேட்டார். தருமரும் 'அசுவத்தாமன் மாண்டான்' என்றார். யானை என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். துரோணர் வில்லைக் கீழே வைத்தார், உயிரிழந்தார். நிலத்தில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தருமருடைய தேர் அன்று மண்ணைத் தொட்டது.

துரோணர் நம்பியது செய்தியை அன்று, செய்தியைச் சொன்னவரை. வாட்ஸ்அப்பில் நடப்பதும் இதுவே. முகமறியாதவர் அனுப்பினால் ஐயுறும் ஒருவர், அதே செய்தியை மாமா அனுப்பினால், ஆசிரியர் அனுப்பினால், ஆலயத் தொண்டர் அனுப்பினால் ஆராயாமல் ஏற்கிறார். பல்லாண்டு ஈட்டிய தருமரின் நாணயத்தைப் பீமனின் பொய் கடனாக வாங்கிக்கொள்கிறது. ஆகவே, ஊரார் மதிக்கும் பெரியவர் ஒருவர், 'யாரோ அனுப்பினார்கள், நானும் அனுப்பினேன்' என்று சொல்லித் தப்ப இயலாது. மதிப்புடையவர்க்கே இதில் பொறுப்பு அதிகம். பாதி உண்மையும் இங்குப் பொய்யின் வேலையையே செய்கிறது. பழைய படத்தைப் புதிய நிகழ்ச்சியின் படமென்று அனுப்புவதும், நீண்ட பேச்சில் ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்புவதும் தாழ்ந்த குரலில் சொன்ன யானையே.

பணியிடத்தில் கைக்கொள்ள வேண்டியவை

அலுவலகத்தின் செய்தி அலுவலகத்திற்கே உரியது. கட்டுமானத் தளத்தில், மருத்துவமனையில், வங்கியில் பணிபுரிவோர் அங்கு எடுத்த படத்தைப் பெருமைக்காகப் பதிவிடுவது உண்டு. படத்தின் ஓரத்தில் ஒரு நோயாளியின் முகமோ வாடிக்கையாளரின் பெயரோ இருந்துவிட்டால், அது பிறர் இரகசியத்தைத் தெருவில் கொட்டியதாகும். நிறுவனங்கள் தம்மிடம் உள்ள தனிமனிதரின் விவரங்களைக் காக்க வேண்டும் என்பதைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2014 ஜூலை முதல் கட்டாயமாக்கியுள்ளது.

உடன் பணிபுரிவோரிடம் மனத்தாங்கல் ஏற்பட்டால் அதனை நேரில் பேசித் தீர்ப்பதே சிறப்பு. குழுவில் எழுதப்படும் சுடுசொல் குழுவோடு நிற்பதில்லை. ஒருவரைத் துன்புறுத்தும் எண்ணத்துடன் அவருடைய பெயர், படம், முகவரி, வேலையிடம் ஆகியவற்றை ஊரறிய வெளியிடுவது 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் குற்றமாகும்.

முதலாளியின் பெயரில் 'உடனே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புக' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அவருடைய வழக்கமான எண்ணை அழைத்துக் குரலைக் கேட்ட பின்னரே செயற்பட வேண்டும். 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் 110 கோடி வெள்ளி பறிபோனது. ஐயம் எழும்போது கேட்டறிவதற்கென்றே 1799 என்னும் உதவி எண் உள்ளது.

முதலாளிமார்க்கும் கடமை உண்டு. எதைப் பதிவிடலாம், எதைப் பதிவிடலாகாது என்பதை வேலையில் சேரும் நாளிலேயே, ஊழியர்க்குத் தெரிந்த மொழியில் எழுதித் தர வேண்டும். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு ஆங்கிலத் தாளில் கையொப்பம் வாங்கிவிட்டுப் பின்னர் தண்டிப்பது நீதியாகாது.

வணிகத்தில் கைக்கொள்ள வேண்டியவை

புடவைக்கடையின் நேரலையில் காட்டிய நிறமும் கைக்கு வந்த புடவையின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். நகைக்கடையின் அறிவிப்பில் உள்ள விலையில் செய்கூலி சேருமா சேராதா என்பது தெளிவாக இருக்க வேண்டும். பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒரு கடையைப் புகழ்பவர், அது விளம்பரம் என்பதை வெளிப்படக் கூற வேண்டும் என்று சிங்கப்பூர் விளம்பரத் தரநிலை ஆணையம் 2016இல் வழிகாட்டி நெறிகளை வகுத்தது. கூலி வாங்கிய புகழை நட்பின் புகழாகக் காட்டுவது கள்ளத் தராசுக்கு ஒப்பாகும்.

ஒருமுறை பொருள் வாங்கியவரின் எண்ணை அவரைக் கேளாமலேயே விளம்பரக் குழுவில் சேர்த்தல் முறையன்று. வந்த விருந்தினரின் பையைத் திறந்து பார்ப்பதைப் போன்றது அது. வாடிக்கையாளர் ஒருவர் குறை எழுதினால், கடைக்காரர் வெகுண்டு விடை எழுதுதல் கூடாது. குறை உண்மையானால் வருத்தம் தெரிவித்துத் திருத்த வேண்டும். தவறானால் அமைதியாக விளக்கம் தர வேண்டும். குறை சொன்னவர் ஒருவரே. கடைக்காரரின் விடையைப் படிப்போர் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரும் கடைக்காரரின் குணத்தை அவ்விடையிலிருந்தே அறிவார்கள். அடுத்த கடையைப் பழித்து ஆள்வைத்து எழுதச் செய்வது தொழிற்போட்டியன்று, அது பாவம்.

ஆலயத் தொண்டில்

ஆலயத் தொண்டூழியர்க்கும் இவை பொருந்தும். அலகு குத்திக்கொள்ளும் பக்தரின் முகத்தையும், பால்குடம் சுமந்து களைத்த பெண்மணியையும், நேர்த்திக்கடனுக்கு மொட்டையடிக்கப்பட்ட குழந்தையையும் அவர்தம் இசைவின்றிப் படமெடுத்துப் பரப்புதல் தகாது. இறைவனுக்கும் அடியார்க்கும் இடைப்பட்ட அந்நேரம் ஊரார் பார்வைக்கு விருந்தன்று. திருப்பணி நிதி என்று கூறி வரும் கியூஆர் குறியீட்டை ஆலய அலுவலகத்தில் சரிபார்க்காமல் பிறருக்கு அனுப்பலாகாது. நிர்வாகத்தின்மீது குறை இருப்பின் நிர்வாகத்தாரிடமோ ஆண்டுப் பொதுக்கூட்டத்திலோ எழுந்து கேட்பது உறுப்பினரின் உரிமை. நிர்வாகத்தாரும் அதற்குச் செவிசாய்த்து விடை தருதல் கடமை. கேட்க இடம் இல்லாத போதே முணுமுணுப்பு கைத்தொலைபேசிக்குள் புகுகிறது.

மூன்று கேள்விகள்

திருக்குறளில் 19ஆம் அதிகாரம் புறங்கூறாமை. அதற்கு அடுத்த 20ஆம் அதிகாரம் பயனில சொல்லாமை. ஒருவர் கைத்தொலைபேசிக்கு ஒருநாள் வரும் செய்திகளை வகைப்படுத்தினால் பெரும்பாலானவை இவ்விரண்டு அதிகாரங்களுக்குள் அடங்கிவிடும். அவற்றைத் தடுக்க மூன்று கேள்விகள் போதும். இது உண்மை என்று அறிந்ததா? இதைச் சொல்லும் உரிமை உண்டா? இதில் குறிப்பிடப்படுபவர் எதிரே நின்றால் அப்போதும் இதைச் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்னும் விடை வந்தால் அனுப்பலாம். ஒன்றுக்கேனும் விடை வராவிடில் விரலை எடுத்துவிடலாம். தவறாக ஒன்றை அனுப்பிவிட்டால், எந்தக் குழுவில் பொய்யை அனுப்பினாரோ அந்தக் குழுவிலேயே திருத்தத்தையும் அனுப்புவது ஆண்மை.

வில்லிலிருந்து விடுபட்ட அம்பு திரும்புவதில்லை என்பது மூத்தோர் வழக்கு. எழுதிய செய்தியோ இன்னும் வில்லில்தான் இருக்கிறது. 'அனுப்பு' என்பதை அழுத்தும்வரை அது எழுதியவர் ஆளுகையிலேயே இருக்கிறது. அந்த ஒரு நொடியில் ஒருவருடைய வேலையும், ஒரு கடையின் பெயரும், ஒரு திருவிழாவின் மாண்பும் அடங்கியுள்ளன. அந்நொடியைக் காப்பவர் தம் நாணயத்தையும் காத்துக்கொள்கிறார். தாம் சார்ந்த சமூகத்தின் நாணயத்தையும் காக்கிறார்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவர்க்கும் நல்ல சொல்லையும், சொல்லுமுன் எண்ணும் நெஞ்சையும், நேர்மையான தொழிலில் வளத்தையும் அருள்வானாக.